அரிய நோய்களும் அரசின் பொறுப்பும்

லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு அரசாங்கம் ஏன் செலவழிக்கணும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பெரியம்மை, மலேரியா, காசநோய் என்று ஊரையே வாட்டிய நோய்களோடு போராடவே நமக்கு நேரம் சரியாக இருந்தது. அந்தக் கணக்கில் அரிய நோயாளிகள் விடுபட்டுப் போனார்கள்.

மருந்துக் கம்பெனிகளும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்க ஆளில்லாத சரக்கை யார் தயாரிப்பார்கள்? அமெரிக்கா 1983-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்நாட்டில் இரண்டு லட்சம் பேருக்கும் குறைவாகத் தாக்கும் நோய்க்கு மருந்து கண்டால் வரிச் சலுகையும், ஏழாண்டுத் தனி விற்பனை உரிமையும் கிடைக்கும்.

நம் நாட்டில் கதவைத் திறந்தது தில்லி உயர் நீதிமன்றம். ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவரின் மகனுக்கு கோஷே என்னும் பரம்பரை நோய். கொழுப்பைச் சிதைக்கும் நொதி குறைவதால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். 2014 ஏப்ரலில், எய்ம்ஸில் அச்சிறுவனுக்கு இலவச சிகிச்சை தர வேண்டுமென நீதிமன்றம் தில்லி அரசுக்கு உத்தரவிட்டது.

2017-இல் மத்திய அரசின் கொள்கை வந்தது. மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் புதிய கொள்கை பிறந்தது. முதலில் 20 லட்சமாக இருந்த உதவியின் உச்சவரம்பு, 2022-இல் 50 லட்சமானது. ஆனால் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள இறக்குமதி மருந்துக்கு இது எத்தனை நாள் தாங்கும்?

விடை ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நிட்டிசினோன் என்ற மருந்தையே பாருங்கள். களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்த பொருள் இது. டைரோசினீமியா என்னும் பரம்பரைக் கல்லீரல் நோய்க்கு இது உதவுவதை 1992-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இறக்குமதி செய்தால் ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி ரூபாய். அரசு ஊக்குவித்து, உள்நாட்டிலேயே தயாரானதும், 2023-இல் அது இரண்டரை லட்சத்துக்கு இறங்கியது!

அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. மறைந்திருக்கும் மரபணுக் கோளாறு பிள்ளையிடம் வெளிப்பட அது வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையல்ல. எங்கே குடியிருந்தாலும், பிள்ளைக்குப் பெயர் தெரியாத நோய் என்றால் விதியென்று விட்டுவிடாதீர்கள். தில்லி எய்ம்ஸ், மும்பை கே.இ.எம்., சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு அங்கீகரித்த சிறப்பு மையங்களில் காட்டுங்கள். அங்கே பதிவாகும் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் நாளைய ஆராய்ச்சிக்கு விதை.