தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு: வேலையின்மைப் படியின் வரலாறு

கேட்டவருக்கு வேலை தர இயலாவிட்டால் அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்ற கோட்பாடு, இந்திய ஊரகத்தில் மகாராட்டிரத்தின் வறட்சி நிலங்களில் வேரூன்றியது. அம்மாநிலச் சட்ட மேலவைத் தலைவராக இருந்த காந்தியவாதி வி. ச. பாகே, 1965இல் சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில் இதற்கான சோதனையைத் தொடங்கிவைத்தார். 1972-73ஆம் ஆண்டுக் கொடும் வறட்சி அதனை மாநிலம் தழுவிய திட்டமாக வளர்த்தது. 1977இல் இயற்றப்பட்ட வேலை உறுதிச் சட்டம் 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 15 நாள்களுக்குள் வேலை, இல்லையேல் வேலையின்மைப் படி என்பது அதன் சாரம்.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இக்கோட்பாட்டை நாடு முழுமைக்கும் விரித்தது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரல் முதல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் பரவியது. விண்ணப்பித்த 15 நாள்களுக்குள் வேலை கிடைக்காதவர்க்கு முதல் 30 நாள்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் அந்நிதியாண்டில் அரைப் பங்குக்குக் குறையாமலும் படி தரப்பட வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு கூறியது. தாமதத்தையும் சட்டம் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தது. படியை உரிய காலத்தில் வழங்க இயலாத அலுவலர், அதற்கான காரணத்தை மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அறிவிப்பதோடு, ஊராட்சியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்றது 8ஆம் பிரிவு.

ஆயினும் இந்த உரிமை முழுவதும் ஒரு துண்டுத்தாளைச் சார்ந்து நின்றது: விண்ணப்பத்திற்குத் தரப்படும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. 15 நாள் கணக்கு அத்தேதியிலிருந்துதான் தொடங்கும். சீட்டு இல்லையெனில் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையெனில் தாமதமும் இல்லை. வாய்மொழியாகக் கேட்டோரின் கோரிக்கை பல இடங்களில் வேலை வந்த நாளில்தான் பதிவேட்டில் ஏறியது. அவர்கள் காத்திருந்த வாரங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதற்கு நிதிப் பகிர்விலும் ஒரு காரணம் இருந்தது. உடலுழைப்புக் கூலியை மைய அரசு ஏற்றது. வேலையின்மைப் படியை மாநிலமே ஏற்க வேண்டும். வேலை தரத் தவறும் மாநிலத்திற்குத் தண்டமாக வகுக்கப்பட்ட இவ்விதி, சீட்டு எழுதித் தருவதையே அலுவலர்கள் அஞ்சும் நிலையை உண்டாக்கியது. மத்தியப் பிரதேசத்தின் பட்வானி மாவட்டத்தில் பழங்குடித் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, எழுத்து வடிவில் விண்ணப்பித்து, சீட்டை வற்புறுத்திப் பெற்ற பின்னரே படி கைக்கு வந்தது.

வேலை செய்து முடித்தோரும் காத்திருந்தனர். வருகைப் பதிவேடு முடிந்த 16ஆம் நாளுக்குப் பின், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கூலியில் 0.05 விழுக்காடு இழப்பீடு என்று விதி செய்யப்பட்டது. 2,000 ரூபாய் கூலிக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய். அத்தொகையைக் கணினி கணித்தாலும் மறு ஆய்வு செய்து ஏற்கும் அல்லது தள்ளும் அதிகாரம் அலுவலரிடம் இருந்தது. 'நிதிப் பற்றாக்குறை' என்பதே தள்ளுவதற்குப் போதிய காரணமாயிற்று. மேலும், பண ஆணை பிறப்பிக்கப்படும் வரையிலான தாமதம் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. அதன்பின் மைய அரசின் பக்கம் நேரும் தாமதத்திற்குக் கணக்கே இல்லை.

2018 மே 18 அன்று சுவராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. ஊதியம் தொழிலாளியின் கையைச் சேரும் வரையிலான காலம் முழுவதும் தாமதமே என்றும், அரசின் உள் நடைமுறைச் சிக்கல்கள் தொழிலாளியின் சுமையாகக் கூடாது என்றும் அத்தீர்ப்பு நிறுவியது.

பாகேயின் சோதனையிலிருந்து இத்தீர்ப்பு வரையிலான அரை நூற்றாண்டில் படி எவ்வளவு என்பதைக் காட்டிலும், காத்திருப்பை எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எண்ணுவது என்பதே ஓயாத வழக்காக இருந்தது. அந்தத் தேதியை எழுதும் பேனாவோ, கடன்பட்டிருந்த தரப்பின் கையிலேயே இருந்தது.