கிற்றாரும் கணனியும்: மேடையிசையில் தாமதத்தின் வரலாறு

நரம்பிசைக் கருவிகளின் சிறப்பு, மீட்டும் விரலுக்கும் கேட்கும் செவிக்கும் இடையே காலம் குறுக்கிடாமையே ஆகும். விரல் அசைந்த கணத்திலேயே ஒலி பிறக்கின்றது. அவ்வொலியைக் கேட்டே அடுத்த அசைவைக் கலைஞன் தீர்மானிக்கின்றான். மின் கிற்றாரைக் கணனியோடு இணைத்து மேடையில் வாசிக்க முயன்றோர் எதிர்கொண்ட தலையாய இடர், இந்த உறவினுள் தாமதம் புகுந்தமையாகும். ஆகவே அவ்விணைப்பின் வரலாறு பெரிதும் தாமதத்தோடு நிகழ்ந்த போராட்டத்தின் வரலாறே எனலாம்.

மின் கிற்றார் விற்பனைக்கு வந்தது 1932ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சமும் அடோல்ஃப் றிக்கென்பாக்கரும் உருவாக்கிய அக்கருவியில், உருக்குக் கம்பியின் அதிர்வு காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்ட ஏற்பியால் மின்னோட்டமாக மாற்றப்பட்டது. அம்மின்னோட்டத்தை வலுப்படுத்தும் விரியலாக்கியும் ஒலிபெருக்கியும் தொடக்கத்தில் துணைப்பொருள்களாகவே கருதப்பட்டன. ஆயின் கலைஞர் விரைவில் அவற்றையும் வாத்தியத்தின் உறுப்புகளாக்கிக் கொண்டனர். 1958இல் லிங்க் றே, தாம் விரும்பிய கரகரப்பைப் பெறும்பொருட்டு ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பில் துளையிட்டார் என்பது நன்கறியப்பட்ட செய்தியாகும். பொறியியலாளர் குறையெனக் கண்ட திரிபைக் கலைஞர் குணமெனக் கொண்டனர்.

இதே காலத்திலே கணனியும் இசைத்துறையுட் புகுந்தது. 1957இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ் எழுதிய நிகழ்ச்சிநிரல், ஐ.பி.எம். 704 கணனியின் உதவியால் 17 செக்கன்கள் நீடித்த இசைத்துண்டு ஒன்றை உருவாக்கியது. ஆயினும் ஒலியைக் கணித்து, நாடாவிற் பதித்து, அதன் பின்னரே கேட்க முடிந்தது. ஓர் அறையை நிறைத்த அவ்வியந்திரத்தை மேடைக் கலைஞன் ஒருவன் துணைக்கொள்ளுதல் அன்று எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிருந்தது.

பின்னர் இரு வழிகள் தோன்றின. முதலாவது, கிற்றாரின் ஒலியைச் சுரக் குறிப்பாக மொழிபெயர்த்து, அக்குறிப்பைக் கொண்டு வேறோர் இலத்திரனியற் கருவியை இயக்குவதாகும். 1977இல் ஜப்பானின் றோலண்ட் நிறுவனம் கிற்றாருக்கென ஓர் ஒலித்தொகுப்பியை வெளியிட்டது. 1983இல் இசைக்கருவிகளையும் கணனிகளையும் இணைக்கும் 'மிடி' என்னும் பொது நியமம் நடைமுறைக்கு வந்தது. விசைப்பலகைக்கு அது இயல்பாகவே பொருந்தியது. ஒவ்வொரு விசையும் ஓர் ஆளியாதலின், எச்சுரம் ஒலிக்க வேண்டும் என்பது அழுத்தியவுடனேயே தெரிந்துவிடும். கிற்றாரின் நிலை வேறு. அதன் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது; ஓர் அதிர்வு முற்றுப்பெற 12 மில்லிசெக்கன்கள் செல்லும். சுரத்தை ஐயமற அறிய இரண்டு அதிர்வுகளேனும் வேண்டுமெனின் 24 மில்லிசெக்கன்கள் கழிந்துவிடும். காற்றில் ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன்கள் ஆகுமாதலால், கலைஞன் தன் ஒலியை எட்டு மீற்றர் தூரத்தில் நின்று கேட்பதற்கு இது ஒப்பாகும். கணனி எத்துணை விரைவுடையதாயினும், கம்பி இன்னும் கூறி முடியாத செய்தியை அது அறிதல் எங்ஙனம்?

இவ்விடரைத் தவிர்க்க எழுந்ததே 'சிந்தாக்ஸ்' என்னும் கருவி. அதில் இடக்கை தொடும் கம்பிகள் வேறு. வலக்கை மீட்டும் கம்பிகள் வேறு. விரல் அழுத்தும் இடம் மின்தொடர்பால் அறியப்பட்டது. அலன் ஹோல்ட்ஸ்வேத் 1986இல் வெளியிட்ட இசைத்தட்டில் அதனைக் கையாண்டார். ஆயினும் அக்கம்பிகளின் சொந்த ஒலியைக் கேட்போர் கேட்பதில்லை. தாமதம் குறைந்தது, கிற்றாரின் குரலும் மறைந்தது.

இரண்டாவது வழியில், கணனி சுரம் எதுவென வினவுவதில்லை. கம்பியின் அலையையே செக்கனுக்கு 44,100 முறையளவில் அளந்து, அவ்வெண்களின் மீது விரியலாக்கியின் இயல்பைக் கணிதமாகச் செயற்படுத்துகின்றது. 128 எண்களை ஒரு தொகுதியாகக் கையாளுமிடத்து, அத்தொகுதி நிரம்ப 3 மில்லிசெக்கன்களே செல்லும். 1995இல் றோலண்ட் வெளியிட்ட 'வி.ஜீ.-8', 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பொட்', 2007இல் மேடைக்கெனவே அமைந்த அப்பிள் நிறுவனத்தின் 'மெயின்ஸ்ரேஜ்' மென்பொருள் என்பன இவ்வழியின் படிகளாகும். உள்வரவு, வெளிச்செலவு யாவும் சேர்ந்து பத்து மில்லிசெக்கன்களுள் அடங்கும்போது, விரியலாக்கியிலிருந்து மூன்று மீற்றர் விலகி நிற்கும் பழக்கமான உணர்வே கலைஞனுக்கு எஞ்சுகின்றது. இவ்வழி வென்றமைக்குக் காரணம் கணனியின் விரைவு மட்டுமன்று. விரலின் அழுத்தம், நழுவல், உரசல் ஆகியவற்றைச் சுரக் குறிப்பாகச் சுருக்காது முழுமையாக ஏற்றுக்கொண்டமையே ஆகும்.

எனினும் தாமதம் எப்பொழுதும் பகையன்று. 1973இல் றொபேட் ஃபிறிப்பும் பிறையன் ஈனோவும் வெளியிட்ட இசைத்தட்டில் இரு நாடாப் பதிவுக்கருவிகள் இணைக்கப்பட்டிருந்தன. முதலாவதிற் பதிந்த கிற்றார் ஒலி சில செக்கன்கள் கழித்து இரண்டாவதில் ஒலித்து, மீண்டும் பதிவாகி, அடுக்கடுக்காய்ப் பெருகியது. பிற்காலத்தில் ஃபிறிப் அதே முறையை இலக்கமுறைக் கருவிகளால் மேடைகளில் விரிவாக்கினார். கலைஞன் தேர்ந்த தாமதம் இசையாகின்றது. இயந்திரம் சுமத்திய தாமதம் தளையாகின்றது.

1950களிற் செய்யப்பட்ட கிற்றார்கள் இன்றும் மேடையேறுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய மென்பொருளோ அதற்குரிய கணனி மறைந்ததும் பெரும்பாலும் வாய்மூடி விடுகின்றது. புதிய துணையின் பயனைப் போலவே அதன் நிலையாமையும் கருதத்தக்கது. கருவிகள் மாறும், ஆயின் விரலசைவுக்கு உடனே விடைதரும் ஒலியே வாத்தியமாகும் என்னும் பழைய அளவுகோல் மாறவில்லை. கணனியும் அவ்வளவுகோலுக்கு அமைந்த பின்னரே மேடையில் இடம்பெற்றது.