டைகர் மானியத் திட்டம்

டைகர் மானியத் திட்டம் (2009) அமெரிக்காவில் சாலை, ரயில், துறைமுகம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு மத்திய அரசு போட்டி முறையில் நிதி வழங்கும் திட்டம். பில்ட், ரைஸ் என்னும் பெயர்களிலும் அழைக்கப்பட்டது.

பின்னணி

1956-ல் உருவான நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதியின் பணம் பெரும்பாலும் சூத்திர அடிப்படையில் மாநிலங்களுக்குப் பகிரப்பட்டது. சரக்கு ரயில், துறைமுகம், பல மாநிலங்களைக் கடக்கும் பாதை போன்றவை அந்தப் பகிர்வுக்குள் எளிதில் அடங்கவில்லை. மறுபக்கம், காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் தொகுதித் திட்டங்களைப் பெயர் குறிப்பிட்டுச் சட்டத்தில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2005-ம் ஆண்டு போக்குவரத்துச் சட்டத்தில் இத்தகைய ஒதுக்கீடுகள் ஆயிரக்கணக்கில் இடம்பெற்றன. அலாஸ்காவில் கெட்சிகன் நகரை, மக்கள் மிகக் குறைவாக வாழும் கிராவினா தீவுடன் இணைக்கும் பாலம் ‘எங்கும் செல்லாத பாலம்’ என்று கேலிக்குள்ளானது. அது கட்டப்படவில்லை.

தொடக்கம்

2008 பொருளாதார வீழ்ச்சியை எதிர்கொள்ள, பிப்ரவரி 17, 2009 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டம் இத்திட்டத்துக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது. மாநிலங்கள் மட்டுமன்றி நகராட்சிகளும் துறைமுக அமைப்புகளும் நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. பெரிய தொகை கேட்டவர்கள் செலவையும் பயனையும் ஒப்பிடும் கணக்கைத் தரவேண்டியிருந்தது. சுமார் 1,400 விண்ணப்பங்கள் வந்தன. அவை கேட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 6,000 கோடி டாலர். சரியாக ஓராண்டுக்குப் பின் 51 திட்டங்கள் தேர்வாயின. அவற்றில் சிகாகோவின் ரயில் நெரிசலைக் குறைக்கும் கிரியேட் திட்டம் 10 கோடி டாலர் பெற்றது.

விமர்சனங்கள்

உறுப்பினர்களின் கையிலிருந்த தேர்வு இப்போது போக்குவரத்துத் துறைச் செயலரின் கைக்கு மாறியது. மதிப்பீட்டாளர்கள் தரவரிசை அளித்தாலும் இறுதி முடிவு அவருடையதே. முக்கிய முடிவுகளுக்கான காரணங்களை ஆவணப்படுத்துவது மேம்படவேண்டும் என்று அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2011-ல் பரிந்துரைத்தது. பொறியாளர்களும் ஆலோசகர்களும் இல்லாத சிற்றூர்களுக்கு விண்ணப்பம் தயாரிப்பதே பெரும் செலவு. தேவை மிகுந்த ஊரைவிட, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊர் வெல்லக்கூடும் என்பது போட்டி முறையின் அடிப்படைச் சிக்கலாக நீடித்தது.

பிற்காலம்

2018-ல் பில்ட் எனப் பெயர் மாறியபோது நிதியின் பெரும்பகுதி ஊரகப் பகுதிகளுக்குச் சென்றது. 2021-ல் ரைஸ் ஆனது. அவ்வாண்டின் உட்கட்டமைப்புச் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு 750 கோடி டாலர் ஒதுக்கி, நகரத்துக்கும் ஊரகத்துக்கும் பாதிப்பாதி என வரையறுத்தது. திட்டமிடும் பணிக்கும் ஒரு பங்கை ஒதுக்கியது. 2025-ல் பில்ட் என்னும் பெயர் மீண்டும் வந்தது. ஆட்சிகள் மாறியபோதும் திட்டம் கைவிடப்படவில்லை. ஒரு முறைச் செலவாகத் தொடங்கிய நிதி, சூத்திரப் பகிர்வுக்கு அருகில் நிலையான இரண்டாவது வழியாக ஆனதே இத்திட்டத்தின் வரலாற்று முக்கியத்துவம்.