வயர் எந்தத் தெரு வழியாக வருகிறது?

வீட்டுக்குக் கேபிள் நல்லதா, டிஷ் நல்லதா? மாதக் கட்டணத்தையும் சேனல்களின் எண்ணிக்கையையும் வைத்தே இதைப் பேசி முடித்துவிடுகிறார்கள். சேரியிலும் காலனியிலும் வாழும் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த இணைப்பைப் பிடுங்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கிராமங்களில் நம்மில் பலர் முதலில் பார்த்தது ஊராட்சியின் டிவி பெட்டியை. பொதுப்பணத்தில் வாங்கிய பெட்டிதான். ஆனால் அது இருந்த இடம் பெரும்பாலும் ஊர்த்தெரு. அங்கே போய் யார் உட்காரலாம், யார் ஓரமாக நிற்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

1990களில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. படம் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் வயர் ஊரைச் சுற்றித்தான் வந்தது. ஆபரேட்டரின் அறை பெரும்பாலும் ஊரில். காலனி அந்த வயரின் கடைசி முனை. அரசு கேபிள் நிறுவனம் 2007இல் உருவானது, 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி. அப்போதும் வீடு வரை வயர் இழுத்தவர் உள்ளூர் ஆபரேட்டர்தான்.

டி.டி.எச். சேவைக்கு ஒன்றிய அரசு 2000இல் அனுமதி அளித்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணமே இல்லாத டிஷ் சேவையைத் தொடங்கியது. கூரைமேல் இருக்கும் டிஷ் வானத்தைப் பார்க்கிறது. அதற்கு யார் தெருவின் தயவும் தேவையில்லை. ஆனால் தனியார் டிஷ்ஷில் ரீசார்ஜ் தீர்ந்தால் திரை இருண்டுவிடும். தினக்கூலி வீட்டுக்கு அது சுமை. இலவச டிஷ்ஷில் இந்திச் சேனல்களே அதிகம், தமிழ் மிகக் குறைவு.

ஒளிபரப்பு அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்ற சொல்லை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. ஆனாலும் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போக வேண்டியிருந்தது. பொது என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, நம் வீடு வரை அது வந்து சேர வேண்டும்.

தேர்த் தகராறு, சுடுகாட்டுப் பாதைத் தகராறு என்று வந்தால் ஊர்க்கட்டுப்பாடு போடுவார்கள். கடையில் பொருள் கிடைக்காது, வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வயரைப் பிடுங்குவதும் அதே ஆயுதம்தான். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்போம் என்று மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். காசு கொடுத்துப் பெறும் சேவையைச் சாதி காரணமாக மறுப்பதும் அதில் அடங்கும்.

ஆகவே தோழர்களே, கேபிளோ டிஷ்ஷோ, வீட்டு வருமானத்துக்கு ஏற்றதை எடுங்கள். கட்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் ரசீது வாங்கி வையுங்கள். ஒரு தகராறுக்குப் பின் காலனி முழுக்க இணைப்பு நின்றால், அதைக் கட்டண பாக்கி என்று சொல்லி மறைக்க அந்த ரசீதுகள் விடாது. தேதி, நேரம், எத்தனை வீடுகள் என்று அன்றே எழுதிவைத்து, புகாரில் சேருங்கள்.