முட்டைக் காசு

அமெரிக்காவின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் பருத்தியைப் பற்றி எழுதினர். புகையிலை, கோதுமை, புகையிரதப் பாதை, எண்ணெய்க் கிணறு ஆகியன பற்றியும் எழுதினர். கோழியைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. காரணம் எளிதானது. கோழி வீட்டு வளவுக்குள் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். அதற்கு முன்னர் அடிமைகள். இவ்விரு சாராரின் கணக்கும் அரசாங்க ஏடுகளில் அரிதாகவே ஏறியது.

1692 ஆம் ஆண்டில் வேர்ஜீனியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அடிமைகள் குதிரை, மாடு, பன்றி என்பவற்றைச் சொந்தமாக வைத்திருப்பதைத் தடுத்தது. அச்சட்டத்தில் கோழியின் பெயர் இல்லை. சட்டம் செய்த கனவான்களுக்குக் கோழி ஒரு சொத்தாகவே தென்படவில்லைப் போலும். அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் ஒரு பெரிய கதை தொடங்குகிறது.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சனின் மொன்ரிசெல்லோ தோட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மலைச்சரிவை வெட்டி, ஆயிரம் அடி நீளத்துக்கு மேடை அமைத்து, நூற்றுக்கணக்கான காய்கறி வகைகளை அவர் அங்கு பயிரிட்டார். வெட்டியவர்களும் சுமந்தவர்களும் அடிமைகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருடைய பேத்தி ஆன் கேரி ராண்டொல்ப் 1805 முதல் 1808 வரை எழுதிவைத்த வீட்டுக் கணக்கைப் பார்த்தால் வியப்பு ஏற்படும். அந்த வீட்டார் கோழியையும் முட்டையையும் மட்டுமன்றி, வெள்ளரிக்காய், கோவா போன்ற காய்கறிகளையும் தமது அடிமைகளிடமே காசு கொடுத்து வாங்கியுள்ளனர். எசமானின் வேலை முடிந்த பின் இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் தம் குடிசையருகே சிறு துண்டு நிலத்தைக் கொத்திப் பயிரிட்டவர்கள் அவர்கள். தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத மனிதர், தமது அடைக்கோழியின் குஞ்சுகளை விற்று, உடைமையாளனிடமிருந்தே காசு பெற்றனர். ஜெபர்சனின் தோட்டத்தைக் காண இன்றும் உல்லாசப் பயணிகள் செல்கின்றனர். எனக்கென்னவோ அந்த மேடைத் தோட்டத்தை விட, அந்தக் கணக்கேட்டின் பக்கங்களே பெரிய வரலாற்றுச் சின்னமாகத் தோன்றுகின்றன.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்த பின்னரும் இந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. வேர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் புகையிரத நிலையத்தில், பொரித்த கோழியைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, வண்டியின் யன்னல்களுக்கு நீட்டி விற்ற கறுப்பினப் பெண்களின் வியாபாரம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த வருமானத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு.

இனி, இதில் வசந்தகாலம் எங்கே வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்துக் கோழிக்கு வசந்தம் என்ற ஒன்று தெரியாது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலோ அந்த வித்தியாசம் ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டும். பகல் குறுகும்போது கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். பகல் நீளத் தொடங்கியதும் மீண்டும் இடும். எனவே மாரி முடியும் தறுவாயில் முட்டை பெருகும், கோழி அடையில் அமரும், 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். அதே வாரங்களில்தான் உறைந்த நிலமும் இளகும். பட்டாணி, வெங்காயம், முள்ளங்கி, சலாது இலை என்பன குளிர் தாங்குவதால் முதலில் நிலத்துக்குப் போகும். தக்காளி நாற்று, கடைசி உறைபனி போகும்வரை சமையலறை யன்னலோரம் காத்திருக்கும். ஆக, ஒரே பெண் ஒரே மாதத்தில் குஞ்சையும் நாற்றையும் குளிரிலிருந்து காக்கவேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றிடமிருந்து மற்றதைக் காக்கவும் வேண்டியிருந்தது. கிளறும் கோழிக்கு விதைப்பாத்தியை விட இன்பமான இடம் வேறில்லை. வேலி கோழிக்கா, தோட்டத்துக்கா என்பது நமது வளவுகளிலும் தீராத வழக்குத்தான்.

அப்பருவத்தில் பொரித்த சேவல் குஞ்சுகள் கோடையில் சட்டிக்குப் போயின. பெட்டைகள் இலையுதிர் காலத்தில் முட்டையிடத் தொடங்கின. மீந்த முட்டை கூடையில் கிராமத்துக் கடைக்குப் போய், சீனியாகவும் கோப்பியாகவும் துணியாகவும் பிள்ளைகளின் சப்பாத்தாகவும் திரும்பி வந்தது. இதற்கு 'முட்டைக் காசு' என்றே பெயர். கோதுமை விற்ற பணம் கணவனுடையது. அது பெரும்பாலும் கடனுக்குப் போயிற்று. முட்டைக் காசு மனைவியுடையது. வீடு அதில் உண்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில், கோழித்தீவனம் நிரப்பி வந்த பருத்திச் சாக்கும் பூப்போட்ட துணியாக அச்சிடப்பட்டு வரலாயிற்று. எந்தச் சாக்கின் துணி நன்றாக இருக்கிறதோ அந்தத் தீவனம் விற்பனையாயிற்று. சாக்குகள் சட்டைகளாயின.

இதற்கிடையில் தபாற்காரரும் இக்கதைக்குள் வந்துவிட்டார். அமெரிக்கத் தபால் திணைக்களம் 1913 இல் பொதித் தபாலைத் தொடங்கியது. 1918 இல் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளையும் ஏற்றுக்கொண்டது. இது கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றினும், பொரிக்கும் முன் குஞ்சு மஞ்சட் கருவின் எச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் ஏறக்குறைய மூன்று நாட்கள் தீனும் நீருமின்றி அதனால் உயிர்வாழ முடியும். அடைக்கோழியின் சிறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் விளக்கின் சூடு போதும் என்றாயிற்று. முதல் வாரம் 95 பாகை பரனைற்று. பிறகு வாரந்தோறும் ஐந்து பாகை குறைக்கவேண்டும். அதே போர்க் காலத்தில்தான், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு கோழி வளருங்கள் என்று விவசாயத் திணைக்களம் சுவரொட்டி ஒட்டியது. இரண்டாம் உலகப் போரில் 1943 ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையின் புற்றரையிலேயே எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையார் காய்கறித் தோட்டம் வைத்ததைப் பலரும் அறிவர்.

ஆனால் கோழியின் தலைவிதியை மாற்றியது போர் அன்று, ஒரு பிழை. டெலவெயர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் சிற்றூரில் செசீல் ஸ்ரீல் என்ற பெண் வாழ்ந்தார். கணவர் கரையோரக் காவற் படையில் ஊழியர். செசீல் முட்டைக்காக ஆண்டுதோறும் சில குஞ்சுகள் வாங்குவது வழக்கம். 1923 இல் அவர் கேட்டது 50 குஞ்சு. வந்து சேர்ந்தது 500. திருப்பியனுப்பாமல் அவற்றை வளர்த்தார். பிழைத்தவை 387. அவற்றை இறைச்சிக்காக இறாத்தல் 62 சதத்துக்கு விற்றார். அக்காலத்தில் இறைச்சிக் கோழி என்பது முட்டைக் கோழியின் உபவிளைவு மட்டுமே; இறைச்சிக்காகவே கோழி வளர்ப்பது இலாபம் தரும் என்பது அவருக்கு அன்று புலனாயிற்று. மறு ஆண்டில் 1,000 குஞ்சு. 1926 இல் 10,000 கோழிகளுக்கு இடம் அமைத்தார். கணவர் வேலையை விட்டுவிட்டு இத்தொழிலுக்கு வந்தார். நியூயோர்க் சந்தை அருகில் இருந்ததும், உயிர்ச்சத்து டி கண்டறியப்பட்டதால் வெயில் படாமலே குஞ்சு வளர்க்க முடிந்ததும் அயலவர்களுக்கும் வழி திறந்தன. தம்பதியர் இருவரும் 1940 இல் ஒரு படகு வெடிவிபத்தில் மாண்டனர்.

அதன் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜோர்ஜியாவில் ஜெசி ஜுவெல் என்பவர் விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தாமே திரும்ப வாங்கும் முறையை நிறுவினார். 1946 முதல் 1951 வரை 'நாளைய கோழி' என்ற பெயரில் நாடளாவிய போட்டி நடைபெற்றது. கலிபோர்ணியாவின் சார்ள்ஸ் வான்ற்ரெஸ் உருவாக்கிய கலப்பினம் வென்றது. 1925 இல் இரண்டரை இறாத்தல் எடைக்கு வளர 112 நாட்கள் பிடித்த கோழி, இப்போது 47 நாட்களில் ஆறு இறாத்தலைத் தாண்டுகிறது. மலிவான இறைச்சி கோடிக்கணக்கான ஏழைகளின் கோப்பைக்கு வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் குஞ்சு கொம்பனியுடையது, தீவனம் கொம்பனியுடையது, கொட்டில் மட்டும் வங்கிக் கடனில் விவசாயியுடையது என்ற நிலையில், ஒப்பந்தத் தாளில் பெரும்பாலும் கணவரின் பெயரே எழுதப்பட்டது. முட்டைக் காசு அகராதியில் மட்டும் மிஞ்சியது. செசீல் தொடக்கிய தொழில், செசீல் போன்றவர்களின் கையிலிருந்து காசைப் பறித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்போது வளவுக் கோழி திரும்பி வருகிறது என்கிறார்கள். 2020 வசந்தத்தில் கொரோனா அச்சத்தால் குஞ்சுப் பொரிப்பகங்களில் குஞ்சுகள் தீர்ந்துபோயின. 2025 மார்ச்சில், பறவைக் காய்ச்சலால் ஒரு டசின் முட்டையின் சராசரி விலை ஆறு டொலரைக் கடந்தபோதும் மக்கள் குஞ்சு தேடி ஓடினர். ஆயினும் கொட்டிலுக்கும் வேலிக்கும் தீனுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவே இருக்கிறது.

தபாலில் குஞ்சு அனுப்புவது இன்னும் நின்றுவிடவில்லை. அந்த 2025 இன் வசந்தத்திலேயே ஏறத்தாழ 12,000 குஞ்சுகள் ஒரு தபால் வண்டிக்குள் மூன்று நாட்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன; ஆயிரக்கணக்கானவை இறந்தன. வண்டி நின்ற இடம் டெலவெயர் மாநிலம். செசீல் ஸ்ரீலின் பதினாறடிக் கோழிக்கொட்டில், அதே மாநிலத்தின் டோவர் நகர விவசாய அருங்காட்சியகத்தில் உள்ளது.