ஒக்டோபர் 30 யாருடைய நாள்?

ஒக்டோபர் 30ஆம் திகதி மலையகத்தில் சௌமியமூர்த்தி தொண்டமானின் நினைவு நாள். 1999இல் அந்த நாளில், தமது 86ஆவது வயதில், அவர் காலமானார். ஆண்டுதோறும் அவருடைய படத்துக்கு மாலை அணிவிக்கிறார்கள், பத்திரிகைகளில் அஞ்சலிக் கட்டுரைகள் வருகின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டத் தொழிலாளரின் பெயரால் பேசிய ஒருவருக்கு அது உரிய மரியாதைதான். ஆனால் அவர் இறப்பதற்குச் சரியாக 35 ஆண்டுகளுக்கு முன், 1964 ஒக்டோபர் 30 அன்று, புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தோட்டங்களில் நாடற்றவர்களாக வாழ்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கடல் கடந்து அனுப்புவதென்று அன்று முடிவாயிற்று. ஒரு மக்கள் கூட்டத்தையே இரண்டாக வகுத்த அந்த நாளுக்கு மலையகத்தில் ஊர் கூடி நினைக்கும் வழக்கம் எதுவும் உருவாகவில்லை. தலைவரின் மரணத்தை நினைக்கும் அதே நாளில் மக்களின் பிரிவையும் நினைக்க வேண்டும், அதை முதலில் நினைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள 1948க்குப் போக வேண்டும். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களிடம் பிறப்புப் பதிவு இருப்பதே அரிது. பாட்டனின் பதிவுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றிருந்தார்கள். 1952இல் அப்படி ஒருவர்கூட இல்லை. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென 1949இல் வந்த தனிச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும் பதிவு கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. மற்றவர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்றது கொழும்பு. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றார் நேரு, 1954இல் இலங்கைப் பிரதமர் ஜோன் கொத்தலாவலையோடு உடன்படிக்கை செய்த பிறகும் அந்த நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. 1964 மே மாதம் நேரு மறைந்தார். சீனாவுடனான போரில் அடிபட்டு, அண்டை நாடுகளின் நட்பைத் தேடிக்கொண்டிருந்த இந்தியாவுக்குச் சாஸ்திரி பிரதமரானார். ஐந்தே மாதத்தில் பேரம் முடிந்தது.

கணக்கு இப்படி அமைந்தது. நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பிறகு முடிவு செய்யப்படும். இந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். 1964 ஒப்பந்தப்படி எல்லாம் பதினைந்து ஆண்டுக்குள் நடந்து முடிய வேண்டும். ஒப்பந்தத் திகதிக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள். இயற்கை அதிகரிப்பு என்ற தலைப்பில் பெற்றோரின் பக்கத்தோடு போவார்கள். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ அந்த நவம்பரில் பிறந்த குழந்தை எந்த நாட்டுக்குரியது என்பது, அதன் தகப்பன் பின்னொரு நாளில் எந்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைப்பார் என்பதைப் பொறுத்ததாயிற்று. இத்தனை பேரின் தலைவிதியை முடிவு செய்த இரண்டு அரசுகளும் அவர்களுடைய சம்மதத்தை நாடவே இல்லை. 1960 முதல் நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்த தொண்டமான் எதிர்த்தார், அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் எதிர்த்தது. அந்த எதிர்ப்பு ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

போகும் வழியைப் பற்றிச் சொல்லாமல் இதை வெறும் சட்ட வரலாறாக எழுதிவிட முடியாது. ஒப்பந்தமாகி இரண்டு மாதம்கூட நிறையவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து வரும் கப்பல் அதன்பின் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில் கங்காணிகள் கூட்டி வந்தவர்களைத் தடுத்து நிறுத்தி நோய்ப் பரிசோதனை செய்த மண்டபம் முகாம், இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தாயகம் திரும்பியோர் என்று பதிந்துகொண்டது. பேரர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. மூத்த மகன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருப்பான், தகப்பன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த அண்ணன் தம்பி வெவ்வேறு நாட்டுக்காரர் ஆனார்கள். அக்கரையில் சிலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென்றே 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. பின்னால் டான்டீ என்று அறியப்பட்டது அதுதான். சிலர் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலருக்கு நூற்பாலை, சிலருக்குச் சிறு தொழில் கடன். கடனை வைத்துப் பிழைக்கத் தெரியாமல் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இலங்கையில் இந்தியக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் இவர்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. யாரையும் கையைப் பிடித்து ஏற்றவில்லை, விண்ணப்பம் போட்டவர்களே போனார்கள் என்பார்கள். சொந்த விருப்பத்தில் போனவர்கள் இருந்தார்கள். ஊரில் நிலம், உறவு, கோயில் என்று ஏதோ ஒரு கண்ணி அறாமல் இருந்த குடும்பங்கள் அவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. விண்ணப்பம் கேட்டபோது இலங்கையின் 3 இலட்சம் இடங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் பங்கோ, 1974க்குப் பிந்திய 75 ஆயிரத்தையும் சேர்த்து 6 இலட்சம், அதற்கு 1981 வரை விண்ணப்பித்தவர்கள் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். 94 ஆயிரம் இடங்களுக்கு ஆளே இல்லை. விண்ணப்பித்தவர்களும் எந்த நிலையில் விண்ணப்பித்தார்கள்? 1970இல் வந்த அரசு, இந்தியாவுக்கு ஆட்கள் உண்மையில் கப்பலேறிய அளவுக்குத்தான் இங்கே பிரஜாவுரிமை தரப்படும் என்று விதியை மாற்றியது. ஒருவன் தங்க வேண்டுமானால் இன்னொருவன் போயாக வேண்டும். 1973, 1974இல் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் ஆட்கள் மாண்டார்கள். 1977 மே 11 அன்று, நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணி 7 ஆயிரம் ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் உயிர் விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டிலும், பிறகு 1981, 1983இலும் லயங்கள் எரிந்தன. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் வைத்த கையெழுத்தை விருப்பம் என்று பதிந்துவைப்பது அலுவலகத்துக்கு வசதி. வரலாறு எழுதுகிறவர் அந்த வசதியை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பதினாறு ஆண்டு முட்டுக்கட்டையை உடைத்தது அந்த ஒப்பந்தம்தான். பழைய சட்டம் கொடுத்ததைவிட இருமடங்குக்கு மேலானோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை அது உறுதி செய்தது. அதுவும் இல்லையென்றால் எல்லோருமே இன்னும் நாடற்றவர்களாக இருந்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை அதற்குப் பிந்திய வரலாறே பொய்யாக்குகிறது. 1984இல் போரினால் கப்பல் நின்றது, இந்தியா ஒப்பந்தம் காலாவதியானதென்று அதற்கு முன்பே சொல்லிவிட்டது. 1986 தைப்பொங்கலில் தொண்டமான் தொடக்கிய பிரார்த்தனைப் போராட்டத்தின் பின், விண்ணப்பிக்காமல் இருந்த அந்த 94 ஆயிரம் பேருக்கு இலங்கையே பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் செய்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்தது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் தங்கிவிட்டவர்களையும் ஏற்றுக்கொண்டது. இந்த மூன்று சட்டங்களுக்காகவும் ஒருவரையும் கப்பலேற்றவில்லை, நாடும் கவிழ்ந்துவிடவில்லை. 1988இல் எந்த இழப்புமின்றிக் கொடுக்க முடிந்ததை 1964இல் கொடுக்க முடியாமல் தடுத்தது என்ன? கண்டிச் சிங்களத் தொகுதிகளின் வாக்குக் கணக்கும், தோட்டத்து மனிதனை வேலைக்கு வந்தவன் என்பதற்கு மேல் பார்க்க மறுத்த மனமும்தான் என்று நான் கருதுகிறேன். போன மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இரண்டு சம்பவங்கள் ஒரே திகதியில் விழுந்தது தற்செயல், அதில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கலாம். தற்செயல்தான். ஆனால் என் வாதம் அந்தத் தற்செயலின் மேல் நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரஜைகளாகலாம். ஒருவர் இந்த நாட்டுக்குரியவரா என்பதை அளக்கும் கோடாக நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டதே இந்தத் திகதியைத்தான். அரசு மறக்காமல் வைத்திருக்கும் நாளை மக்கள் மறந்திருப்பது எப்படி நியாயமாகும்? தொண்டமானை நினைப்பதற்கும் இது குறைவு செய்யாது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகி, அடுத்த ஆண்டு அமைச்சராகி, தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் செய்த அரசியலின் பெரும்பகுதி 1964இல் விழுந்த முடிச்சை அவிழ்ப்பதாகவே இருந்தது. இறக்கும்போது அவர் இருந்த அமைச்சரவையின் பிரதமர், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே சிறிமாவோ. ஜனாதிபதி அவருடைய மகள் சந்திரிகா. ஒப்பந்தத்தைச் சொல்லாமல் அவருடைய அரசியலை அளந்தால், அமைச்சர் பதவிக்காக அரசுகளோடு சேர்ந்தவர் என்ற குற்றச்சாட்டுத்தான் மிஞ்சும். சேர்ந்து வாங்கியது என்ன, வாங்க முடியாமல் போனது என்ன என்று நேர்மையாகக் கேட்க வேண்டுமானால் 1964இலிருந்து தொடங்கியாக வேண்டும்.

வாங்க முடியாமல் போனவற்றில் முதலில் நிற்பது காணி. ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு 2014 ஒக்டோபர் 30. அன்று இலங்கைச் செய்திகள் முழுவதும் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் பற்றியவை. முதல் நாள் காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயிருந்தன. இராணுவம் தோண்டிக்கொண்டிருந்தது, பல உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வேறிடத்தில் போய்க் குடியிருக்க அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. பிரஜாவுரிமைக் காகிதம் கிடைத்துவிட்ட பிறகும், 1964இல் இந்த மக்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்த பார்வை மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து போனார்கள். வந்த வழிக்குக் கிடைத்த அந்தக் கவனம் போன வழிக்கும் கிடைக்க வேண்டும். தலைமன்னார் இரண்டுக்கும் பொதுத் துறைதானே. ஒப்பந்தம் நடந்தபோது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எந்தத் தோட்டத்தின் எந்த டிவிஷனிலிருந்து எந்த ஆண்டு யார் யார் போனார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள், கடிதம் எப்போது நின்றது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். ஒக்டோபர் 30இல் மாலை அணிவித்த பிறகு, அந்தக் கூட்டத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர்களை உட்காரவைத்துப் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். அதே வேலையை வால்பாறையிலும் பந்தலூரிலும் சேர்த்துச் செய்தால்தான் பட்டியல் பொருந்தும். பாதிப் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.