தெருவிளக்கின் கீழே பிறந்த இசை

'டூ-வாப்' என்பது பொருளுடைய சொல்லன்று, வெறும் அசை. ஆயினும் அமெரிக்க இசை வரலாற்றில் ஒரு காலப்பகுதிக்கே அது பெயராகிவிட்டது. அவ்வரலாற்றைக் கூறும் 'ஸ்ட்ரீட்லைட் ஹார்மனீஸ்' என்னும் ஆவணப்படம் 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரென்ட் வில்சன் இயக்கிய அப்படத்தில், அன்று பாடிய கலைஞர்கள் முதுமையெய்திய நிலையில் தம் நினைவுகளைத் தாமே எடுத்துரைக்கின்றனர். தெருவிளக்கொளியில் இசைந்தெழுந்த குரல்கள் என்பது படப்பெயரின் கருத்து.

பெயர் பொருத்தமானதே. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் நியூயார்க், பால்டிமோர், பிலடெல்பியா, சிகாகோ முதலிய நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் தெருமுனைகளிலும் மாடிப்படிகளிலும் சுரங்க இரயில் நிலையங்களிலும் கூடிப் பாடினர். அங்குள்ள சுவர்கள் குரலை எதிரொலித்துப் பெருக்கின. இசைக்கருவி வாங்கப் பலருக்கு வசதியில்லை. ஆகவே குரலையே கருவியாக்கினர். அடிக்குரலோன் பெரிய தந்திக்கருவியின் பணியைச் செய்தான். ஏனையோர் ஊதுகருவிகளாய் ஒலித்தனர். ஒருவன் உச்சக்குரலில் பாட்டை நடத்திச் சென்றான். பொருளற்ற அசைகள் பாட்டினுள் புகுந்தது இவ்வாறே. அவற்றை வீண் ஒலியென்று ஒதுக்குவோர் இக்காரணத்தை அறியார்.

பால்டிமோரின் 'ஓரியோல்ஸ்' குழுவினர் 1948இல் வழிகாட்டினர். 1954இல் நியூயார்க்கின் 'கார்ட்ஸ்' குழுவினர் தாமே இயற்றிய 'ஷ்-பூம்' பாடலைப் பாடிப் புகழ்பெற்றனர். அதே ஆண்டில் கனடா நாட்டு வெள்ளையர் குழுவான 'க்ரூ-கட்ஸ்' அப்பாடலைப் பாடிப் பதிவுசெய்தது. பல வாரங்கள் முதலிடத்தில் நின்றது அப்பதிவே!

இதனினும் வருந்தத்தக்கது 'டீனேஜர்ஸ்' குழுவின் கதை. நியூயார்க்கில் ஒரே பள்ளியில் பயின்ற ஐந்து சிறுவர்கள் அவர்கள். இருவர் போர்ட்டோ ரிக்கோ வழியினர். 1956இல் அவர்தம் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' கடல் கடந்தும் ஒலித்தபோது முன்னணிப் பாடகன் பிராங்கி லைமனுக்கு வயது 13. போதைப்பொருளுக்கு அடிமையாகி 1968இல் 25 வயதில் அவன் மறைந்தான். பாடலின் ஆசிரியர் பட்டியலிலோ இசைத்தட்டு வணிகர்களின் பெயர்கள் ஏறியிருந்தன. எர்மன் சாந்தியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட் ஆகிய உறுப்பினர் இருவரும் 1987இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் நடுவர்குழு அவர்களே பாடலை இயற்றியோர் எனக் கண்டது. உரிமையை மூன்றாண்டுகளுக்குள் கோரியிருக்க வேண்டுமாம்! பாடல் வெளிவந்தபோது அவர்கள் ஒப்பந்தம் இன்னதென்றறியாத பள்ளிப்பிள்ளைகள். ஆயினும் காலக்கெடு கடந்துவிட்டது என்னும் காரணத்தாலேயே 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது.